இருநூற்றுப் பதினான்காம் குழி

கடலுக்கடியில் புதையல் தேடுகிறவனுக்கு முதலில் கிடைப்பது பீர் டப்பா. ஹார்லன் டட்டிலுக்கு மூன்று கோடைகாலமாகக் கடைசியிலும் அதுவே கிடைத்துக்கொண்டிருந்தது. நடுநடுவே கொஞ்சம் துருப்பிடித்த ஆணி, எவனோ இறால் படகுக்காரன் விட்டுப்போன சங்கிலி, அப்புறம் கப்பல் ஆடாமலிருக்க அடித்தட்டில் போட்டுவைக்கும் உருண்டைக் கற்கள். அந்தக் கற்கள் முந்நூறு வருஷத்துக்கு முந்தியவைதான், ஸ்பெயினிலிருந்து வந்தவைதான். ஆனாலும் கல்லைக் காட்டி யாரிடமும் காசு வாங்க முடியாது.

எங்கள் கரையில் இதெல்லாம் அவமானமில்லை. 1715 ஜூலையில் அடித்த புயல், ஸ்பெயின் ராஜாவுக்குத் தங்கமும் வெள்ளியும் ஏற்றிப் போன கப்பல்களை ஃபுளோரிடாவின் இந்தக் கிழக்குக் கரையில் வரிசையாக நொறுக்கிவிட்டுப் போனது. ராஜா தொலைத்ததைத் தேடுவது இங்கே ஒரு பிழைப்பு. கோடையில் கடல் அடங்கியதும் படகுகள் கிளம்பும். ஒவ்வொரு படகின் பின்புறமும் யானைத் துதிக்கை மாதிரி இரண்டு பெரிய வளைந்த குழாய்கள் இருக்கும். நாலு பக்கமும் நங்கூரம் போட்டுவிட்டு, குழாய்களைப் படகைத் தள்ளும் சுழலிகளுக்கு நேரே இறக்கி இன்ஜினை முடுக்கினால், தண்ணீர் கீழ்நோக்கிப் பாய்ந்து கடலடி மணலைக் கிணறு போலக் குடைந்துவிடும். ஒருவன் குதித்துப் போய்ப் பார்ப்பான். மேலே வந்து, ஒன்றுமில்லை என்று கட்டைவிரலைக் கவிழ்ப்பான். படகை இருபது அடி நகர்த்தினால் அடுத்த குழி. ஹார்லன் இப்படி இருநூற்றுப் பதின்மூன்று குழிகள் போட்டிருந்தான்.

அறுபத்தோரு வயது. படகின் பெயர் 'லக்கி ஹெரான்', அதிர்ஷ்ட நாரை. அதிர்ஷ்டம் பெயரோடு சரி. கூடவே குதிக்க ஓஸ்வால்டோ என்ற கியூபாக்காரன். முப்பத்தைந்து வயது, தண்ணீருக்கடியில் மட்டும்தான் வாயை மூடுவான். இவர்கள் இரண்டு பேரையும் மிதக்க வைத்தவர் டாக்டர் ஸ்டாம். ஒஹாயோவில் பல் பிடுங்கிச் சம்பாதித்ததையெல்லாம் எங்கள் கடலில் டீசலாகக் கரைத்துக்கொண்டிருந்த மனிதர்.

ஜூன் கடைசியில் அந்த டாக்டர் போன் செய்தார்.

"கேப்டன், வர்ற மாசம் மூணு நாள் வர்றேன். இந்தத் தடவையும் கல்லைத்தான் காட்டப்போறீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் மலைப்பக்கம் போய் மீன் பிடிச்சுக்கறேன்."

"கல்லு வந்தா பின்னாடியே தங்கம் வரும் டாக்டர்."

"மூணு வருஷமா பின்னாடியே வந்துக்கிட்டிருக்கு. அது நடந்து வருதா, தவழ்ந்து வருதா?"

டாக்டர் போனால் டீசல் இல்லை. டீசல் இல்லையென்றால் குழி இல்லை. கோடையில் இத்தனை நாள் வேலை நடந்ததாகக் கணக்குக் காட்டாவிட்டால், அந்த இடத்தில் தோண்டும் உரிமத்தையும் அரசாங்கம் பிடுங்கி வேறு ஒருவனுக்குக் கொடுத்துவிடும். அப்புறம் அவன் படகில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு டால்ஃபின் காட்டவேண்டியதுதான். அதற்குச் செத்துப்போகலாம் என்பது ஹார்லனின் தீர்மானமான அபிப்பிராயம்.

இந்தச் சமயத்தில்தான் மெர்லீனின் நாணயம் அவன் கைக்கு வந்தது.

மெர்லீன் அவன் மனைவி. பாலத்துக்கு இந்தப் பக்கம் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ஹார்லன் வேறொரு கேப்டனிடம் வேலை பார்த்தபோது, பங்காக வந்த ஒரே தங்க நாணயத்தை, வைர மோதிரம் வாங்க வக்கில்லாமல் அவளுக்குக் கொடுத்துக் கல்யாணம் செய்துகொண்டான். எஸ்குடோ என்பது அந்தக் காலத்து ஸ்பெயின் பணம்; இது இரண்டு எஸ்குடோ மதிப்புள்ள நாணயம். சம்மட்டியால் அடித்து, கத்தரியால் வெட்டிய கோணல் விளிம்பு, ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் கேடயம். அதை நாலு கொக்கி வைத்த தங்க வளையத்தில் பதித்துச் சங்கிலியில் போட்டிருந்தாள். ஊரில் தலைக்குச் சாயம் போட்டுக்கொள்கிற அத்தனை பெண்களும் அவள் கடை நாற்காலியில் மல்லாந்து கிடந்து, முகத்துக்கு மேலே அந்த நாணயம் ஆடுவதைப் பார்த்தவர்கள்தான்.

"ஒரு கொக்கி தளர்ந்துடுச்சு. அபர்நேதிகிட்ட குடுத்து இறுக்கிட்டு வா," என்று கழற்றிக் கொடுத்தாள். "படகுல வச்சுக்கிட்டு சுத்தாத. நேரா கடைக்குப் போ."

நேராகத்தான் போனான். நகைக்கடை அபர்நேதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, நாணயத்தைத் தனியாகப் பெயர்த்து எடுத்தார். "கொக்கி மட்டும் இல்லை, வளையமே தேஞ்சு போச்சு. பத்து நாள் ஆகும். நாணயத்தை நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க. இது தொலைஞ்சா உங்க வீட்டம்மா என் தலையை வெட்டிடுவாங்க, முடியை இல்ல."

ஹார்லன் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். சாவியைத் திருகவில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். கடலில் கிடந்த வெள்ளி கறுத்து, கல்லும் சிப்பியும் ஒட்டி, கரியாகி வரும். அதைச் சுத்தம் செய்துவிட்டால் சுத்தம் செய்ததுதான். திரும்பக் கடலில் போட்டு எடுத்தாலும் குழந்தைகூட நம்பாது. தங்கம் அப்படியல்ல. முந்நூறு வருஷம் கிடந்தாலும், மூன்று நிமிஷம் கிடந்தாலும் ஒரே பளபளப்புதான். ஒரு தங்க நாணயத்தைக் குழியில் போட்டுவிட்டு 'இப்போதுதான் கிடைத்தது' என்று எடுத்தால், ஸ்பெயின் ராஜாவே நேரில் வந்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது. இதைக் கிழட்டுக் கேப்டன்கள் எல்லாரும் தெரிந்துவைத்திருக்கிறார்கள், எல்லாரும் மதுக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள், யாரும் செய்ததாக ஒப்புக்கொண்டதில்லை. பிடிபட்டால் உரிமம் ஆயுளுக்கும் போய்விடும்.

ஹார்லன் போட்ட திட்டம் சின்னது. டாக்டர் குழியில் இறங்கி நாணயத்தைப் பார்க்கட்டும், தொடட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும். அப்புறம் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது கேப்டனின் வேலை. டாக்டர் ஒஹாயோ போனதும் நாணயம் அபர்நேதி கடைக்குப் போகும். கிடைத்ததையெல்லாம் பங்கு பிரிக்க எப்படியும் ஒரு வருஷம் ஆகும். அப்போது கேட்டால், அரசாங்கம் தன் பங்காக எடுத்துக்கொண்டது என்று சொன்னால் போயிற்று. ஒருத்தருக்கும் நஷ்டமில்லை, ஒரு மனிதருக்குச் சந்தோஷம். இப்படி யோசிக்க யோசிக்க அது அவனுக்குத் தர்மகாரியமாகவே தெரிய ஆரம்பித்தது.

டாக்டர் வந்த இரண்டாம் நாள், கடல் கண்ணாடி மாதிரி கிடந்தது. இருநூற்றுப் பதினான்காம் குழியைக் குடைந்து முடித்ததும் ஹார்லன் தானே முகமூடியை எடுத்தான்.

ஓஸ்வால்டோ வாயைப் பிளந்தான். "என்ன கேப்டன், திடீர்னு இளமை திரும்பிடுச்சா? போன வருஷம் ஏணியில ஏறவே என்னைப் பிடிச்சுக்கிட்டீங்க."

"டாக்டர் இறங்கப் போறாரு. கீழ எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க வேணாமா?"

"இத்தனை வருஷமா நான் இறங்கும்போது இந்தக் கவலை வரலையே!"

ஹார்லன் குதித்தான். நாணயம் கையுறைக்குள் உள்ளங்கையில் இருந்தது. பதினெட்டு அடி ஆழத்தில், குழியின் ஓரத்தில் இரண்டு கற்களுக்கு நடுவே அதை வைத்து, மேலே ஒரு கை மணலைத் தூவினான். கொஞ்சம் தூரம் விலகித் திரும்பிப் பார்த்தான். மஞ்சளாக ஒரு துளி தெரிந்தது. அவ்வளவு அழகாக இருந்தது. இருபத்தாறு வயதில் முதன்முதலாகப் பார்த்தபோது எப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதோ அப்படியே இப்போதும் அடித்துக்கொண்டது. போட்டவனே அவன், அவனுக்கே புல்லரித்தது.

மேலே வந்தான். டாக்டர் இறங்கினார். அவர் தலை தண்ணீருக்குள் மறைந்து இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, தெற்கிலிருந்து ஒரு ரோந்துப் படகு வந்து பக்கத்தில் நின்றது. அதில் கையில் ஒரு பொட்டலம் வேகவைத்த வேர்க்கடலையோடு ரோசலிண்ட் பிக்கெட் நின்றுகொண்டிருந்தாள். அரசாங்கத்தின் தொல்பொருள் அதிகாரி. எந்தப் படகிலும் எந்த நேரத்திலும் ஏறிப் பார்க்க அவளுக்கு அதிகாரம் உண்டு. மூன்று வருஷத்தில் இரண்டே தடவை வந்திருந்தாள்.

"இந்தப் பக்கமா போனேன் கேப்டன். சும்மா எட்டிப் பார்க்கலாமேன்னு. கடலை சாப்பிடறீங்களா?"

ஹார்லன் கடலைப் பொட்டலத்தின் பக்கமே திரும்பவில்லை. "ஓஸ்வால்டோ, டாக்டரை மேல கூப்பிடு!"

"இப்பதானே இறங்கினாரு?"

"கூப்பிடுடான்னா!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. டாக்டர் ஸ்டாம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தானே வந்தார். மூச்சுக்குழாயைத் துப்பிவிட்டு அவர் போட்ட கூச்சலில் ரோந்துப் படகின் மேல் உட்கார்ந்திருந்த நாரைகூடப் பறந்துவிட்டது. உயர்த்திய கையில் மெர்லீனின் நாணயம் வெயிலில் மின்னியது.

பிக்கெட் கடலைப் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "யாரும் தொடாதீங்க. அப்படியே தண்ணி டப்பாவுல போடுங்க. குழி நம்பர் என்ன?"

"இருநூத்திப் பதினாலு," என்றான் ஓஸ்வால்டோ, அழுதுகொண்டே. ஆமாம், அழுதுவிட்டான். மூன்று வருஷம் பீர் டப்பா பொறுக்கியவன்.

ஹார்லன் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தான். "மேடம், நீங்க எதுக்குச் சிரமப்படணும்? பெட்டியில வச்சுப் பூட்டி, திங்கக்கிழமை நானே கொண்டுவந்து குடுத்துடறேன்."

"தங்கமாச்சே கேப்டன்! நானே நேர்ல இருக்கும்போது உங்க தலையில எதுக்கு அந்தப் பாரம்?"

பையில் போட்டு, முத்திரை வைத்து, எண் எழுதி, ஒரு படிவத்தை நீட்டினாள். எங்கே, எத்தனை அடி ஆழத்தில், யார் கண்டெடுத்தது என்று எல்லாம் அதில் இருந்தது. அடியில் கேப்டன் கையெழுத்து. ஹார்லன் போட்டான். தன் பெண்டாட்டியின் தாலி மாதிரி இருந்த ஒன்றை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாரும் கைகுலுக்க, சிரித்தபடி நின்றான். உண்மையைச் சொன்னால் படகு போகும். சொல்லாவிட்டால் நாணயம் போகும். சொல்லாமல் இருப்பது அப்போதைக்குச் சுலபமாக இருந்தது.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. கல், ஆணி உட்பட கிடைத்த பொருள்களை எண்ணி, ஐந்தில் ஒன்று வரை அரசாங்கம் முதலில் பொறுக்கிக்கொள்ளும், மீதி தேடியவர்களுக்கு. இரண்டு எஸ்குடோ நாணயங்கள் அரசாங்கத்திடம் இழுப்பறை இழுப்பறையாக ஏற்கெனவே கிடக்கின்றன. இன்னொன்றை வைத்து என்ன செய்யப்போகிறார்கள்? எப்படியும் திரும்பி வந்துவிடும். டாக்டரிடம் பேசி, தன் பங்காக அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதுவரைக்கும் மெர்லீனைச் சமாளிக்கவேண்டும், அவ்வளவுதான்.

"கொக்கி இன்னும் ஆகலையா?" என்று அவள் முதல் வாரம் கேட்டாள்.

"அபர்நேதிக்கு முதுகுவலி."

"அய்யோ பாவம்."

அடுத்த வாரம் பற்றவைக்கும் கருவி பழுது. அதற்கடுத்த வாரம் தங்கக் கம்பி டாம்பாவிலிருந்து வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் மெர்லீன், "அய்யோ பாவம்" என்றாள். உள்ளூர்ச் செய்தித்தாளில், நாணயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டர் சிரிக்கும் படம் முதல் பக்கத்தில் வந்தது. ஹார்லன் வீட்டுக்கு வந்த பிரதியை ஒளித்துவைத்தான். மெர்லீன் கடையில் போட்டிருந்த பிரதியைப் பார்த்துவிட்டு வந்து, "டாக்டருக்குப் பல்லெல்லாம் நல்லா இருக்கு," என்று மட்டும் சொன்னாள். நாணயம் நாணயம் மாதிரிதானே இருக்கும், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை என்று ஹார்லன் நம்பினான். நம்புவதுதான் அவன் தொழில். செப்டம்பருக்கு மேல் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அவள் கேட்டபோது இருந்ததைவிட அது அவனுக்கு அதிகப் பயமாக இருந்தது. அபர்நேதியின் கடை இருக்கும் தெருப் பக்கமே போகாமல், நாலு தெரு சுற்றிப் போய்வந்தான்.

கடலில் இதைவிடப் பெரிய கூத்து. டாக்டர் தன் மச்சானையும், கோல்ஃப் விளையாடும் நண்பர்கள் இரண்டு பேரையும் கூட்டிவந்தார். அவர்கள் பணம் போட்டார்கள். படகுக்குப் புது இன்ஜின் வந்தது, புது வண்ணம் வந்தது, ஓஸ்வால்டோவுக்குச் சம்பளம் ஏறியது. எல்லாம் அந்த ஒரு குழியின் புண்ணியம்.

"கொஞ்சம் வடக்கே தள்ளிப் பார்ப்போமே," என்பான் ஹார்லன்.

"கேப்டன், தங்கம் தனியா வருமா?" என்பான் ஓஸ்வால்டோ. "அதோட குடும்பமே இங்கதான் இருக்கு. ஒண்ணு வந்துடுச்சு, மத்ததெல்லாம் கூச்சப்பட்டுக்கிட்டு நிக்குது."

அந்த இடத்தைச் சுற்றி மட்டும் கோடை முடிவதற்குள் தொண்ணூற்றோரு குழிகள். கடற்பரப்பு அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. அங்கே ஒன்றும் கிடையாது என்று உலகத்திலேயே ஒருவனுக்குத்தான் தெரியும்; அவன்தான் காலையில் சீக்கிரம் எழுந்து, "இன்னிக்கு நிச்சயமா அடிக்கும்" என்று எல்லாருக்கும் தைரியம் சொல்லி, இன்ஜினை முடுக்கிக்கொண்டிருந்தான்.

ஜனவரியில் பிக்கெட் போன் செய்தாள். அவள் குரலில் மூச்சு வாங்கியது.

"கேப்டன், உட்கார்ந்துக்கங்க. அந்த நாணயம் கப்பல் சரக்கா வந்தது இல்லை!"

"பின்னே?"

"விளிம்புல சம தூரத்துல நாலு தழும்பு இருக்கு. பூதக்கண்ணாடியில பளிச்சுன்னு தெரியுது. சிலுவைப் பக்கம் வழவழன்னு தேஞ்சிருக்கு, துணியில உரசி உரசி. இதை யாரோ ஒரு பெண் கழுத்துல போட்டிருந்திருக்கா. ஒரு வருஷம் ரெண்டு வருஷம் இல்ல கேப்டன், முப்பது வருஷமாவது இருக்கும்!"

ஹார்லன் நிஜமாகவே உட்கார்ந்தான். "முப்பத்தஞ்சு கூட இருக்கலாம் மேடம்."

"அதையேதான் நானும் நினைச்சேன்! இன்னொண்ணு, எழுத்துப் பள்ளத்துல ஏதோ ஒரு பிசின் ஒட்டியிருக்கு. வாசனைப் பிசின். அந்தக் காலத்துச் சீமாட்டிங்க தலைமுடி படிய ஏதாவது பூசியிருப்பாங்க, இல்லையா?"

மெர்லீன் கடையில் தலைமுடி படிய அடிக்கும் ஸ்ப்ரே டப்பா ஒன்று நாலு டாலர். ஹார்லன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "மேடம், ஒருவேளை அந்தத் தழும்பு இந்தக் காலத்துதா இருந்தா?"

"இந்தக் காலத்துதா இருந்தா யாரோ கொண்டுபோய்ப் போட்டிருக்கணும்!" என்று சொல்லி பிக்கெட் வாய்விட்டுச் சிரித்தாள். ஹார்லனும் சேர்ந்து சிரித்தான். "அரசாங்கப் பங்கா வேற எதுவும் வேணாம்னு எழுதிட்டேன் கேப்டன். இது ஒண்ணு போதும். மார்ச் மாசம் அருங்காட்சியகத்துல திறப்பு விழா. நீங்க பேசணும். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க ஹார்லன் எவ்வளவோ பார்த்தான். மெர்லீன் நீலச் சட்டை போட்டுக்கொண்டு, அவனுக்கு முன்னால் வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டாள். கழுத்து வெறுமையாக இருந்தது. வேறு எதையாவது போட்டுக்கொண்டு வந்திருக்கலாம். போடவில்லை.

அருங்காட்சியகக் கூடத்தின் நடுவில் தனிக் கண்ணாடிப் பேழை, தனி விளக்கு, கறுப்பு வெல்வெட். மேலே அது. கீழே அட்டையில் எழுதியிருந்ததை மெர்லீன் குனிந்து, உதடு அசையப் படித்தாள்.

'இரண்டு எஸ்குடோ. கப்பலில் பயணம் செய்த ஒரு பெண் பல ஆண்டுகள் கழுத்தில் அணிந்திருந்த நாணயம். அணிந்தவர் பெயர் தெரியவில்லை. புயலில் இறந்திருக்கலாம்.'

நிமிர்ந்தாள். மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள். ஹார்லனை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

பருவநிலை, பொறுமை, ஓஸ்வால்டோவின் உழைப்பு என்று மூன்று விஷயங்களைப் பேசத்தான் வந்திருந்தான். ஒலிபெருக்கி முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்தான். எல்லா முகங்களும் சிரித்தன. ஒரு முகம் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. எட்டு மாசமாகத் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தது அவனைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டது.

"அந்த நாணயம் என் பொண்டாட்டியோடது. நான்தான் கொண்டுபோய்க் குழியில போட்டேன்."

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. டாக்டர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ஓஸ்வால்டோ விசிலடித்தான்.

"இல்லைங்க, நிஜமாத்தான். டாக்டர் டீசல் காசை நிறுத்திடுவாருன்னு பயந்துக்கிட்டுப் போட்டேன்."

இன்னும் பெரிய சிரிப்பு. பிக்கெட் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கேப்டன் எப்பவும் இப்படித்தான், முகத்துல ஒண்ணுமே காட்டாம சொல்லுவாரு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாள். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஹார்லன் மேடையிலிருந்து இறங்கினான். வெட்கத்தோடு சொல்லவேண்டும், அவனுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. உண்மையும் சொல்லியாயிற்று, படகும் பிழைத்தது.

மெர்லீன் அவன் கையைப் பிடித்து, கப்பல் கற்கள் அடுக்கியிருந்த பக்கத்து நடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சொல்லிட்டேன் பார்த்தியா?" என்றான். "எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"சொன்ன. அபர்நேதி பொண்டாட்டி ஜூலையிலேயே என் நாற்காலியில உட்கார்ந்து, தலையில சாயத்தோட சொல்லிட்டா. நாணயத்தை அன்னிக்கே நீ வாங்கிட்டுப் போயிட்டன்னு."

"அப்போ ஏன் என்கிட்ட நேரா கேக்கல?"

"நீ அதை வித்துட்டன்னு நினைச்சேன். டீசலுக்குத்தானே, போகட்டும், அவனா சொல்லட்டும்னு இருந்தேன். அப்புறம் பேப்பர்ல படம் வந்துச்சு. என் நாணயம் எனக்குத் தெரியாதா ஹார்லன்? முப்பத்தஞ்சு வருஷம் என் மேல கிடந்துச்சு." அவள் குரல் உடைந்தது. "வித்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். நீ அதைச் செத்துப்போன எவளோ ஒருத்தி கழுத்துல மாட்டிட்டு வந்து நிக்கற. எனக்குப் பேரு கூட இல்லையாம். படிச்சியா?"

"மெர்லீன்..."

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்ளே ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். பிரித்துக் காட்டினாள். சங்கிலி, வளையம், புதிதாகப் பற்றவைத்த நாலு கொக்கிகள். நடுவில் ஒன்றுமில்லை.

"நானே போய் வாங்கிட்டு வந்துட்டேன். இதைக் கொண்டுபோய் அந்தக் கண்ணாடி மேல வச்சா யாரும் சிரிக்க மாட்டாங்க. நாலு கொக்கிக்கு நாலு தழும்பு. அந்த அம்மா முட்டாள் இல்ல, ஒரு நிமிஷத்துல புரிஞ்சுக்குவா. நாணயம் எனக்கு வந்துடும். உன் உரிமம் போயிடும், படகு போயிடும், டாக்டர் உன்னைக் கோர்ட்டுக்கு இழுப்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நானா செய்ய மாட்டேன். நீ சொல்லு. வைன்னு சொன்னா வைக்கறேன். வேணாம்னா இதோட மூடிடறேன். ஒரே வார்த்தை."

ஹார்லன் வாயைத் திறந்தான். சொல்லவேண்டியது எது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். புது இன்ஜினின் சத்தம் காதில் கேட்டது. மே மாதம் கடல் அடங்கியதும் கிளம்பவேண்டும்; இந்தத் தடவை நிஜமாகவே வடக்கே போய்த் தோண்ட டாக்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். வடக்கே இருக்கிறது, அவனுக்கு உள்ளுக்குள் தெரியும். இன்னும் ஒரே ஒரு கோடைகாலம். வாயைத் திறந்தபடியே நின்றான். தரையைப் பார்த்தான். கற்களைப் பார்த்தான். கூடத்தில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் வந்தது.

மெர்லீன் கொஞ்ச நேரம் நன்றாகவே காத்திருந்தாள். பிறகு பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்துக் கைப்பையை மூடினாள்.

"சரி," என்றாள். அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

அவள் நகர்வதற்குள் டாக்டர் ஸ்டாம், ஒரு கையில் எலுமிச்சை இனிப்புத் தட்டும் இன்னொரு கையில் தாமதமாக வந்த ஒரு தம்பதியுமாக வந்து சேர்ந்தார். "இதோ இருக்காரு! கேப்டன், இவங்க அதைக் கேக்காம விட்டுட்டாங்க. இன்னொரு தடவை சொல்லுங்க, அந்தப் பொண்டாட்டி ஜோக்!"

தம்பதி ஆவலோடு பார்த்தார்கள். மெர்லீன் அங்கேயே நின்றாள், அவன் என்ன செய்கிறான் பார்க்கலாம் என்று.

ஹார்லன் அவளைப் பார்க்காமல் தொண்டையைச் செருமிக்கொண்டான். "அந்த நாணயம் இருக்கே," என்று ஆரம்பித்தான். "அது என் பொண்டாட்டியோடது."

எந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினால் சிரிப்பு நன்றாக வரும் என்று அவனுக்கு இப்போது தெரிந்திருந்தது. அந்த இடத்தில் நிறுத்தினான்.